சின்னப்பாலத்துப் பாசிப் பெண்கள்: எடுப்பும் வளர்ப்பும்

பாம்பன் தீவின் மேற்கு முனையில் தென்கடலை, அதாவது மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிறது சின்னப்பாலம். பக்கத்தில் குந்துகால். 1897இல் விவேகானந்தர் கரையிறங்கிய இடம் அது. அங்கே நின்றால் குருசடைத் தீவு நேர் எதிரே தெரியும். ராமேஸ்வரம் போகிற வண்டிகள் பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். இந்த ஊருக்குள் திரும்புகிறவர்கள் குறைவு. இங்கே ஆண்கள் மீனுக்குப் போகிறார்கள். பெண்களில் பலர் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், களிமண்குண்டு, பாரதிநகர் என்று ராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரை முழுவதும் இதே தொழிலில் ஆயிரக்கணக்கான பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாருக்குமாகப் பேசிய சங்கம் சின்னப்பாலத்தை நடுவாகக் கொண்டு வளர்ந்ததால், இந்த ஆய்வுக்கு இந்த ஊரை எடுத்துக்கொண்டோம்.

கால் நூற்றாண்டாக இந்தப் பெண்களிடம் அதிகாரிகளும் திட்டக்காரர்களும் சொல்லிவருவது ஒன்றுதான்: குருசடை போன்ற சிறு தீவுகளின் பக்கம் போகாதீர்கள், மூங்கில் மிதவையில் பாசி வளர்த்துப் பிழைத்துக்கொள்ளுங்கள். எடுப்பதும் பாசி, வளர்ப்பதும் பாசி, ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறினால் என்ன என்பது அவர்கள் கணக்கு. இரண்டுக்கும் வேண்டிய கடல் வேறு, பருவம் வேறு, முதல் வேறு. நட்டம் வந்து விழும் தலையும் வேறு. அதைப் பார்க்காமல் போட்ட கணக்கு ஏன் பிசகியது என்பதுதான் இங்கே விளக்கப்படுகிறது.

முத்திலிருந்து பாசிக்கு

மன்னார் வளைகுடாவில் மூழ்குவது பழைய தொழில். முத்துக்கும் சங்குக்கும் ஆண்கள் குளித்த கடல் இது. இந்தியக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் தூத்துக்குடியில் நடந்தது. அதன்பின் பார்கள் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டுகளில் முத்துச்சிப்பி சேரவில்லை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பன் தீவின் கடற்கரைக் குடும்பங்கள் பல இடம் மாறி உட்கார்ந்தன. அதே பத்தாண்டில் மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு பெருகத் தொடங்கியது.

பாசிக்கு விலை வந்ததும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிலிருந்து அகர் (பாசியைக் காய்ச்சி எடுக்கும் உறைபொருள்) வருவது நின்றுபோனபோது, நம் கடலிலேயே அகர் தரும் பாசி இருக்கிறதா என்ற தேடல் தொடங்கியது. மண்டபத்தில் மத்திய ஆராய்ச்சி நிலையங்கள் வந்தபின் அந்தத் தேடல் வலுத்தது. 1960களில் வணிகமாகவே பாசி வாங்கத் தொடங்கினார்கள். மதுரை வட்டாரத்தில் சிறு அகர் ஆலைகள் முளைத்தன. நோன்புக் காலத்தில் வீட்டில் காய்ச்சும் வெள்ளைக் கடல்பாசி அகர்தான்.

இந்தக் கரையில் மூன்று பாசிகள் முக்கியம். மரிக்கொழுந்து பவளக்கல்லின் மேல் கட்டைவிரல் உயரத்துக்கு அடர்ந்து நிற்கும். நல்ல அகர் இதில்தான். மூன்றில் விலையும் இதற்கே கூடுதல். கஞ்சிப்பாசியிலும் அகர் உண்டு. ஆனால் இளகலாக உறையும். பெயருக்கேற்பக் கரையோர வீடுகளில் கஞ்சிக்கும் ஆகிவந்த பாசி அது. கட்டக்கோரை ஆள் உயரத்துக்கும் வளரக்கூடிய பழுப்புப் பாசி. துணி அச்சடிப்பில் சாயத்தைக் குழம்பாக்கும் ஆல்ஜினேட் இதிலிருந்து வருகிறது. எடை நிறையத் தேறும், விலை குறைவு.

1986இல் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. முதல் சில ஆண்டுகள் கரையில் இருந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2000க்குப் பிறகு பிடி இறுகியது. 2001இல் பவளமும் கடலட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் சேர்க்கப்பட்டன. பவளக்கல் வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்றவர்களைத் தடுக்க அது கட்டாயம் வேண்டியிருந்தது. பல ஆண்டு வெட்டில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்தே போய்விட்டன. ஆனால் கல் வெட்டியவருக்கும் கல்லின் மேல் முளைத்ததைக் கிள்ளியவருக்கும் ஒரே தடை விழுந்தது. தீவில் இறங்கி இளைப்பாறுவதும் குற்றமானது. படகும் பாசியும் பறிமுதலாயின.

எடுப்பு எப்படி நடக்கிறது

விடியலுக்கு முன்பே படகு கிளம்பும். நாட்டுப்படகில் ஏழெட்டுப் பேர், சில நேரம் பத்துப் பன்னிரண்டு பேர். டீசல் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக்கொள்வார்கள். படகுக்காரருக்குத் தனிப் பங்கு. ஆள் குறைந்தால் தலைச்செலவு ஏறும். அதனால் உடம்புக்கு முடியாத நாளிலும் போகவேண்டிய நெருக்கடி வரும். எடுப்புக் கணக்கில் இது யாரும் எழுதாத செலவு.

கருவி கொஞ்சம்தான். முகத்தில் நீர்புகாத கண்ணாடி. விரல்களில் பழந்துணியோ ரப்பரோ சுற்றிய கட்டு. காலில் ரப்பர் செருப்பு, பாறையில் கழன்று போகாமல் கட்டியிருக்கும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை. இடுப்பிலிருந்து கயிற்றில் ஒரு வலைப்பை பின்னால் மிதந்து வரும். நீருக்குள் மூச்சுவிடக் குழாய் கிடையாது. ஓராள் ஆழத்திலிருந்து ஈராள் ஆழம்வரை மூச்சடக்கி இறங்கி, ஒரு முங்கலுக்கு ஒரு பிடி, இரண்டு பிடி. மேலே வந்து பையில் போட்டுவிட்டு மறுபடியும் கீழே. நீரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. நீர் தெளிவாக இருந்தால் ஐந்து மணி நேரமும் போகும்.

கைத்திறன் முழுவதும் மரிக்கொழுந்தில்தான் தெரியும். இந்தப் பாசி கல்லின் மேல் கொடிபோலப் படர்ந்த அடித்தண்டால் பற்றியிருக்கிறது. மேலே நிற்கும் கொத்தைக் கிள்ளினால் அடித்தண்டு கல்லிலேயே தங்கி, சில மாதத்தில் மறுபடியும் தளிர்க்கும். தகடால் சுரண்டினால் அடித்தண்டும் வரும், பவளக்கல்லின் மேற்சில்லும் வரும். எடை கூடும். ஆனால் அந்த இடம் மொட்டை. வித்துத்தூள் (ஸ்போர்) வந்து விழுந்து புதிதாகப் பிடிக்க நெடுங்காலம் ஆகும். கஞ்சிப்பாசியை வேரோடு பிடுங்காமல் முனையை விட்டு எடுக்கவேண்டும். கட்டக்கோரையை இனப்பெருக்கம் முடிந்தபின் அடித்தூர் நிற்கும்படி அறுக்கவேண்டும். முன்னதாக அறுத்தால் அடுத்த ஆண்டுப் பாசித்திடல் (பாசி அடர்ந்த கடலடித் தரை) மெலிந்துபோகும்.

காயம் அன்றாடம். பவளம் கிழித்த வெட்டு உப்புநீரில் ஆறாமல் புண்ணாகும். கடல் முள்ளெலியின் முள் பாதத்தில் ஒடிந்து உள்ளே தங்கும். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் தோல் தடித்து எரியும். திருக்கை முள் குத்தினால் அன்றைக்கு வேலை முடிந்தது. காதுவலியும் கண் எரிச்சலும் நாள்பட்டவை. தீவில் இறங்கக்கூடாது என்பதால் விடிகாலை முதல் மதியம்வரை ஒதுங்க இடமில்லை. மாதவிடாய் நாளில் இது என்ன பாடு என்று தீவு மேலாண்மைத் திட்டம் எழுதுகிறவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். சிறுநீரை அடக்கித் தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெண்களிடம் பழக்கமாகவே ஆகிவிட்டது.

கரைக்கு வந்ததும் மணலில் பரப்பிக் காயவைப்பார்கள். பாதித் தகராறு இங்கே தொடங்குகிறது. மணலில் காய்ந்த பாசியோடு மணலும் சிப்பித்துண்டும் ஒட்டும். வாங்க வருகிறவர் "கழிவு" என்று எடையில் ஒரு பங்கை அடித்துவிடுவார். ஈரம் என்று இன்னொரு பங்கு. தார்ப்பாயிலோ பழைய வலையிலோ பரப்பி, ஒரு தரம் உதறி, குச்சியும் வேற்றுப்பாசியும் பொறுக்கிப் போட்டால் அந்தப் பிடித்தம் நியாயமாகவே குறையவேண்டும். ஆனால் பெரும்பாலானோர் முன்பணம் வாங்கியவர்கள். முன்பணம் கொடுத்தவர் சொல்வதே எடை, அவர் சொல்வதே விலை. வேறு ஆளிடம் கொண்டுபோக முடியாது. கடனை மொத்தமாக அடைக்காமல் தரம் கூட்டிப் பயனில்லை என்பதைப் பயிற்சி முகாம் நடத்துகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ளவேண்டும்.

பெண்கள் போட்ட கட்டு

பறிமுதலும் அபராதமும் தொடர்ந்தபோது சங்கமாகச் சேர்ந்த பெண்கள் இரண்டு வேலை செய்தார்கள். ஒன்று, வழிவழியாகச் செய்த தொழில் என்று உரிமை கேட்டது. மற்றது இன்னும் கனமானது. எடுப்புக்குத் தாங்களே வரம்பு கட்டினார்கள். மாதத்தில் 12 நாள்தான் கடல். அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. சுரண்டும் தகடு கூடாது, கைதான். விசைப்படகுத் தடைக்காலத்தையொட்டி ஏப்ரல் நடுவிலிருந்து 45 நாள் யாரும் பாசிக்கு இறங்கக்கூடாது. இதை முன்னின்று நடத்திய சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. தீவுச் சூழல் காப்பவர்களுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் 10,000 டாலர் பரிசு அது.

இந்தக் கட்டு நிற்பதற்குக் காரணங்கள் தெளிவானவை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும். பாசித்திடலுக்கு மேல் நீர் குறையும், முங்கும் ஆழம் குறையும், அதே மூச்சுக்குக் கூடுதல் பிடி வரும். ஆகவே குறைத்த நாள்கள் மெலிந்த எடுப்பு நாள்கள்தான். வருமானத்தில் விழுந்த அடி நாள்கணக்கில் விழுந்ததைவிடச் சிறியது. ஊரார் எல்லாரும் ஒரே நாளில் கிளம்புவதால், விலக்கப்பட்ட நாளில் ஒரு படகு போனால் மறைக்க முடியாது. படகுச் செலவைத் தனியாளாகத் தாங்கவும் முடியாது. கண்காணிக்கத் தனி ஆளோ சம்பளமோ வேண்டாத விதி இது. கடலோர விதிமுறைகள் பல தோற்பது கண்காணிப்புச் செலவில்தான்.

எங்கே இளகுகிறது என்றால், விலை ஏறும்போது. புதிதாக வரும் வாங்குநர் பச்சைப்பாசிக்கே கூடுதல் விலை சொன்னால் நாள்கட்டு ஆட்டம் காணும். சங்கத்தில் சேராத ஊர்க்காரர்கள் அதே திடலுக்கு வந்தாலும் அப்படித்தான். நான் விட்டுவைத்ததை அவர் அள்ளினால் நான் ஏன் விடவேண்டும் என்ற கேள்விக்குச் சங்கத்தால் பதில் சொல்ல முடியாது. அந்தத் திடல்மேல் சங்கத்துக்கு எழுத்தில் எந்த உரிமையும் இல்லையே. 2006 வன உரிமைச் சட்டம் நீர்நிலையின் மீன் முதலிய பொருள்கள் மீதான சமூக உரிமையையும் சொல்கிறது. ஆனால் பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்டவேண்டும். கடலில் முங்கியதற்கு யாரிடம் பட்டா இருக்கும்? படகுப் பதிவு, மீனவர் அடையாள அட்டை, பழைய கொள்முதல் ரசீது, ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம் என்று துண்டு துண்டாகச் சேர்க்கவேண்டிய சான்று அது. அதைச் சேர்த்து வைப்பதும் சங்கத்தின் வேலைதான்.

மிதவை

வளர்க்கப்படுவது வேறு பாசி. காப்பாஃபைகஸ் என்பது அதன் அறிவியல் பெயர். கரையில் பெப்சி பாசி. பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசியின் விதை, அதாவது நடவுக்கு வெட்டிய கிளை, 1984இல் ஜப்பான் வழியாகக் குஜராத்துக்கு வந்தது. 1990களின் நடுவில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் அதை மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. 2000 வாக்கில் பெப்சி நிறுவனம் உரிமம் பெற்றுச் சுயஉதவிக் குழுக்களை இறக்கியது. 2008இல் அந்தத் தொழில் அக்வாக்ரி நிறுவனத்துக்குக் கைமாறியது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இதிலிருந்து வருவது காராஜீனன். ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றில் கெட்டிப்படுத்தச் சேர்ப்பது. பச்சைப்பாசியைப் பிழிந்த சாறு பயிர் ஊக்கியாக விற்கிறது.

மிதவையின் உடல் 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். மூங்கில் மூன்று நான்கு அங்குலத் தடிப்பில், வெடிப்பும் ஓட்டையும் இல்லாமல் முற்றியதாக இருக்கவேண்டும். வெடித்த கணுவில் நீர் புகுந்தால் மிதவை ஒரு பக்கம் சாயும், அந்தப் பக்கத்துப் பாசி ஆழத்தில் வெளிச்சம் குறைந்து மெலியும். நான்கு மூலைக்கும் 4 அடி மூங்கில் குறுக்குக் கட்டு. சட்டத்தில் இணையாக 20 கயிறு. ஒரு கயிற்றில் 20 முடிச்சு, ஒரு முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. ஆக 400 முடிச்சு, 60 கிலோ விதை. அடியில் பழைய மீன்வலை கட்டவேண்டும். மீன் கடிக்காமல் இருக்க மட்டுமல்ல, ஒடிந்து விழுகிற துண்டு கடலில் போகாமல் இருக்கவும் இது வேண்டும். பத்து மிதவையை ஒரு தொகுதியாகப் பிணைத்து நங்கூரம் போடுவார்கள்.

விதை கட்டுவதில் கவனிக்கவேண்டியவை: இளந்தளிர் உள்ள, நிறம் மங்காத கிளையாக எடுக்கவேண்டும். கத்தியால் சாய்வாக வெட்டவேண்டும், கையால் ஒடித்தால் நுனி நசுங்கி அழுகும். முடிச்சு இறுகினால் தண்டு அறுபடும், தளர்ந்தால் அலையில் நழுவும். வெட்டியது முதல் கடலில் இறக்கும்வரை ஈரச்சாக்கு மூடி நிழலில் இருக்கவேண்டும். வெயிலில் அரைமணி கிடந்த விதை பார்க்க நன்றாக இருக்கும், பத்து நாளில் வெளுத்துவிடும்.

45ஆம் நாள் அறுப்பு. நல்ல பருவத்தில் ஒரு மிதவைக்கு 260 கிலோ பச்சை எடை. அதில் 60 கிலோ மறுவிதைக்கு. மிச்சம் 200 கிலோ காய்ந்தால் 20 கிலோ. ஆளுக்கு 45 மிதவை என்பது மிதவைத் திட்டத்தின் அடிப்படை. நாளொன்றுக்கு ஒரு மிதவை அறுத்து, அதையே மறுபடி கட்டி இறக்கினால், சுற்று முடியும்போது முதல் மிதவை மறுபடி தயாராக இருக்கும். காகிதத்தில் அழகான சுற்று.

காயவைப்பதில் ஒன்றே ஒன்று: நன்னீர் படக்கூடாது. மழையில் நனைந்தால் உப்பும் சத்தும் கரைந்து வெளுத்து, தரம் போய்விடும். மேட்டில் கம்பியிலோ வலைப் பரணிலோ இரண்டு மூன்று நாள் காய்ந்து, மேலே உப்புப் பூத்ததும் உதறிச் சாக்கில் கட்டவேண்டும். அரைகுறை ஈரத்தோடு அம்பாரம் போட்டால் உள்ளே சூடேறிப் புளிக்கும்.

பிசகும் இடங்கள்

மத்திய அரசின் மீன்வளத் திட்டமான பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஒரு மிதவைக்கு 1,500 ரூபாய் செலவுக் கணக்கு. பெண்களுக்கு 60 விழுக்காடு மானியம். 45 மிதவைக்கு 67,500 ரூபாய், மானியம் 40,500 போகக் கையிலிருந்து 27,000. இதுவரை சரி. விற்பனைப் பக்கத்தில்தான் ஆட்டம். 60 கிலோ 45 நாளில் 260 ஆவதற்கு நாளொன்றுக்குச் சுமார் 3.3 விழுக்காடு வளரவேண்டும். நீர் சூடேறி வளர்ச்சி 2 விழுக்காடாக இறங்கினால் அதே 45 நாளில் 146 கிலோதான். விதைக்கு 60 எடுத்தே ஆகவேண்டும். மிச்சம் 86 கிலோ, காய்ந்தால் எட்டரைக் கிலோ. விளைச்சல் 44 விழுக்காடு குறைந்தது, விற்கும் பாசி 57 விழுக்காடு குறைந்தது. காய்ந்த கிலோவுக்கு 60 ரூபாய் என்று வைத்தால் நாள்வரவு 1,200 ரூபாயிலிருந்து சுமார் 515க்கு வந்து நிற்கிறது, கயிறும் படகும் கழிக்காமலே. இன்னும் இறங்கினால் விதைப்பங்கையே விற்கத் தோன்றும். அங்கே சுற்று அறுந்துவிடும்.

சூட்டில் வரும் நோய்க்குப் பெயர் ஐஸ்-ஐஸ். நீர் 31, 32 டிகிரியைத் தாண்டி ஓட்டமும் இல்லாமல் நின்றால், அல்லது மழைநீர் இறங்கி உப்பு குறைந்தால் தண்டில் வெள்ளை வளையம் தோன்றும். அந்த இடம் மென்மையாகிக் கிளை முறிந்து விழும். நுண்ணுயிர் பிறகுதான் வந்து சேர்கிறது. முதல் காரணம் செடியின் தளர்ச்சி. வெள்ளை கண்டவுடன் கெட்ட கிளையைச் சற்றுத் தள்ளியே வெட்டி எறிந்து, மிதவையை ஓட்டமுள்ள நீருக்கு இழுக்கவேண்டும். முழு முடிச்சும் வெளுத்தபின் செய்ய ஒன்றுமில்லை. ஓராமீன் கூட்டம் இன்னொரு தொல்லை. தளிரை மேய்ந்துவிட்டுப் போனால் முனை மழுங்கிய கட்டைகள் நிற்கும். அடிவலையில் ஓட்டை இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்காமல் தீராது. பாசிமேல் படியும் சேறும் வேற்றுப்பாசியும் வெளிச்சத்தை மறைக்கும். இரண்டு நாளுக்கொருமுறை கயிற்றைப் பிடித்து உலுக்கிவிடுவது கடினமான வேலையில்லை. ஆனால் 45 மிதவைக்கும் ஒருவரே செய்யும்போது மதியம் கடந்துவிடும்.

இந்த எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது விதையின் முதுமை. இங்கே இந்தப் பாசி விதைபோட்டு முளைத்ததில்லை. முதலில் கொண்டுவந்த செடியையே வெட்டி வெட்டிப் பெருக்கியது. கடல் முழுவதும் ஒரே உடலின் துண்டுகள். ஒன்றைத் தாக்கும் சூடு எல்லாவற்றையும் தாக்கும். 2001இல் 21 டன்னாக இருந்த உலர்பாசி 2012-13இல் 1,490 டன்னாக வளர்ந்தது. அடுத்த பருவத்தில் சூடு ஏறியபோது பெருவாரியாகச் செத்தது. விதையாக வைத்ததும் போயிற்று. பலர் மூங்கிலை விறகுக்கு விற்றுவிட்டு வேறு கூலிக்குப் போனார்கள். திசு வளர்ப்பில் எடுத்த புதுவிதை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வரத் தொடங்கியிருக்கிறது. அது தொடர்ந்து கிடைத்தால்தான் பயன். ஒரே தவணையோடு நின்றால் மூன்று நான்கு ஆண்டில் பழைய இடத்துக்கே வரவேண்டும்.

அடுத்து, இடம். 2005 டிசம்பர் அரசாணைப்படி இந்தப் பாசியைப் பாக் நீரிணைப் பக்கத்திலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும்தான் வளர்க்கலாம். தீவுகள் இருக்கும் மன்னார் வளைகுடாவில் கூடாது. காரணம் நியாயமானது. 2008இல் குருசடைத் தீவில் இந்தப் பாசி கிளைப்பவளத்தின் மேல் படர்ந்து மூடியது பதிவாயிற்று. ஒடிந்து போகும் சிறு துண்டுகூடப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இதன் பொருள் என்ன? சின்னப்பாலத்துப் பெண்ணின் கடல் தென்கடல். மிதவைக்கு அவர் பாக் நீரிணைப் பக்கமான வடகடலுக்குப் போகவேண்டும். அங்கே ஏற்கெனவே கரைவலையும் நாட்டுப்படகும் இடம் பிடித்திருக்கின்றன. ஊரார் சம்மதம் இல்லாமல் நங்கூரம் போட முடியாது. வடகடலில் ஐப்பசி தொடங்கினால் வாடை. தை வரைக்கும் மிதவை நிற்காது, அவிழ்த்துக் கரையேற்றவேண்டும், விதையை எங்காவது ஒதுக்கில் காப்பாற்றவேண்டும். 45 நாள் சுற்று ஆண்டுக்கு நான்கைந்துக்கு மேல் ஓடாது. அலை மிகுந்த இடத்தில் மிதவைக்குப் பதிலாக வலைக்குழாய்க்குள் பாசியை அடைத்து நீளக்கயிற்றில் கட்டும் முறை நன்றாக நிற்கிறது. ஒடிவு குறைவு. ஆனால் ஓர் அலகு 8,000 ரூபாய்க் கணக்கு.

இரண்டு தொழிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புலப்படும். எடுப்பில் முதல் கண்ணாடியும் பையும்தான். கடல் ஏமாற்றினால் அன்றைய டீசல் நட்டம், அவ்வளவே. வளர்ப்பில் நட்டம் 45 நாள் உழைப்பும் விதையும் கடனும் சேர்ந்தது. எடுப்பில் மாதம் 12 நாள். மிச்ச நாளில் மீன் காயவைப்பு, கூலி, வீடு. வளர்ப்பில் தினமும் கடலோரம் நிற்கவேண்டும். எடுப்பை விட்டு முழுவதுமாக வளர்ப்புக்குப் போனவர்கள் 2013க்குப் பிறகு திரும்பி வந்தபோது, தீவுத்திடல்களில் முன்பைவிடக் கூடுதல் தலைகள். வளர்ப்பைப் பக்கத் தொழிலாகப் பத்துப் பதினைந்து மிதவையோடு நடத்திய குடும்பங்கள் அந்த அடியைத் தாங்கின. 45 மிதவை என்ற அளவையே மறுபரிசீலனை செய்யவேண்டும் என்பது எங்கள் கருத்து.

இப்போது

தீவுப் பக்கமும் நிலை நன்றாக இல்லை. 2010, 2016 கோடைகளில் பவளம் பெருமளவு வெளுத்தது. செத்த பவளத்தின் மேல் முதலில் சிறுபாசி வரும். பிறகு கல் பொடிந்து அலையில் உருளத் தொடங்கினால் மரிக்கொழுந்து பிடிக்க இடமிருக்காது. விசைப்படகின் இழுவைமடி (அடியில் இழுக்கும் வலை) கடலின் அடித்தளத்தைக் கிளறிக் கலக்கிய நீரில் வெளிச்சம் இறங்காது. எடுப்பு குறைவதற்குக் கைகளை மட்டும் காரணம் சொல்கிற அறிக்கைகள் இந்த இரண்டையும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

தொண்டி அருகே வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 127 கோடி ரூபாய்த் திட்டம். விதை வங்கி, பரிசோதனைக் கூடம், பதப்படுத்தும் வசதி எல்லாம் ஓரிடத்தில் வரும் என்கிறார்கள். விதையும் தரச் சோதனையும் பொதுக்கையில் வந்தால் மேலே சொன்ன சிக்கல்களில் பாதி தீரும். அந்த வசதி மரிக்கொழுந்துக்கும் கிடைக்கவேண்டும். நம் கடலுக்கே உரிய பாசி அது. கல்லிலும் கயிற்றிலும் அதை வளர்க்கும் சோதனைகள் மண்டபத்தில் முன்பே நடந்திருக்கின்றன. மெதுவாக வளரும் என்பதால் நிறுவனங்களுக்கு ஆர்வமில்லை. ஆனால் பவளத்துக்குக் கேடில்லாமல் தென்கடலிலேயே செய்யக்கூடியது.

மிதவைத் திட்டத்தில் இப்போது சேரப்போகிற குழுக்கள் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டியவை இவை. விதை முழுவதும் செத்தால் அடுத்த விதையை யார், எத்தனை நாளில், என்ன விலைக்குத் தருவார்? பச்சை எடைக்கா, உலர் எடைக்கா விலை? உலர் என்றால் ஈரம் எத்தனை விழுக்காடுவரை பிடித்தமில்லை, அதைக் கருவியில் அளப்பார்களா, கையில் பிசைந்து பார்ப்பார்களா? வாடைக்கால மூன்று மாதம் கடன் தவணை நிற்குமா? காற்றில் மிதவை போனால் காப்பீடு மூங்கிலுக்கு மட்டுமா, கட்டியிருந்த பாசிக்கும் உண்டா? வேறு வாங்குநருக்கு விற்கத் தடை இருந்தால், அந்தத் தடைக்கு ஈடாகக் குறைந்தபட்ச விலை எவ்வளவு? நங்கூரம் போடும் இடத்துக்கு எந்த ஊரின் சம்மதம், அது யார் கையெழுத்தில்? மிதவையில் சேர்ந்தவரின் பெயர் எடுப்புச் சங்கப் பட்டியலிலிருந்து நீக்கப்படுமா என்பதையும் கட்டாயம் கேட்கவேண்டும். நீக்கப்படும் என்றால் கையெழுத்துப் போடக்கூடாது.